மணக்காத சமையலறை

பக்கத்து வீட்டுப் பாட்டுச் சத்தம் தாங்கவில்லை என்று போலீசைக் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள். தூக்கம் கெட்டவர்கள், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை உள்ளவர்கள், நல்ல காது படைத்தவர்கள். கோ செங்ஹான் இதில் எந்த வகையும் இல்லை.

"லான் அக்கா, அஞ்சாம் மாடி மறுபடியும் போன் பண்ணியிருக்கான்" என்றான் ஆ-தூ. வாயில் பாதி, கையில் பாதியாக ஒரு சோற்று உருண்டை. மேஜையில் சோயா பால் டம்ளர். அவனுடைய மேஜையும் என்னுடைய மேஜையும் ஸ்டேஷனின் பின்னறையில் முட்டிக்கொண்டு கிடக்கின்றன. அவன் குடும்ப வன்முறைப் புகார்களைப் பார்க்கும் போலீஸ்காரன். நான் போலீஸ் இல்லை. அடிபட்ட பெண்கள் பக்கம் நிற்கிற அமைப்பின் ஆள். அவன் ஸ்டேஷனுக்கு வருகிற புகாரைப் பார்ப்பான். நான் வராத புகாரைப் பார்ப்பேன்.

"எந்த அஞ்சாம் மாடி?"

"கோயில் சந்து கோ செங்ஹான். கீழ்வீட்டு டாக்சிக்காரம்மா கரோக்கே பாடிக் கொல்றாங்களாம். ஒரு வாரமா இதே ரோதனை."

பேரைக் கேட்டதும் நான் டீயைக் கீழே வைத்தேன்.

செங்ஹானின் மனைவி பெய்யின் என் ஆள். நிறைமாதமாக இருக்கும்போது மழைக்கோட்டோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். கோட்டைக் கழற்றச் சொன்னபோது மட்டும் கொஞ்சம் தயங்கினாள். ஏன் என்று கழற்றிய பிறகு தெரிந்தது. பிள்ளை பிறக்கட்டும் அக்கா, பிறந்ததும் வந்துவிடுகிறேன் என்றாள். பிள்ளை பிறந்து மூன்று வாரம் ஆகிறது. அவள் போன் முதலில் அடித்துக்கொண்டே இருந்தது; ஒரு வாரமாக அதுவும் இல்லை. வீட்டு போனை எடுக்கிற செங்ஹான் ஒவ்வொரு தடவையும் ஒரே பதிலைத்தான் சொன்னான்: அவள் மாசம் காக்கிறாள், போன் பார்த்தால் கண் கெட்டுவிடும்.

இதற்கு எதிராக என்ன சொல்வது? பச்சை உடம்புக்காரி ஒரு மாதம் வெளியே வரக் கூடாது, காற்றுப் படக் கூடாது, தலை குளிக்கக் கூடாது, அழக்கூடக் கூடாது. எங்கள் அம்மாக்கள் எல்லோரும் அப்படித்தான் காத்தார்கள். ஒரு பெண்ணை வீட்டுக்குள் பூட்டி வைக்க நினைக்கிறவனுக்கு இதைவிட மரியாதையான பூட்டு கிடைக்காது.

"எத்தனை மணிக்குப் பாடுறாங்களாம்?" என்று கேட்டேன்.

"நேரங்காலமே கிடையாது. விடிகாலையில, மத்தியானத்துல, சாயங்காலத்துல. பத்து நிமிஷம் கத்துவாங்க, நிறுத்திடுவாங்க. அவங்க குரல் இருக்கே அக்கா, துறைமுகத்துக்கு வர்ற கப்பல் அப்படியே திரும்பிப் போயிடும்."

"பத்து நிமிஷம்தானா?"

"ஏன், பத்தலையா உங்களுக்கு?"

"மைக் புடிச்சவங்க கையிலேர்ந்து அதைப் புடுங்கத்தானே இந்த ஊர்ல ஆள் வேணும்? தானா நிறுத்துறவங்களை நீ பார்த்திருக்கியா?"

ஆ-தூ மெல்வதை நிறுத்தினான். பிறகு மீதிச் சோற்று உருண்டையை ஒரேயடியாக வாயில் அடைத்துக்கொண்டு தொப்பியை எடுத்தான். அவனிடம் எனக்குப் பிடித்தது இதுதான். ஜோக்கடிப்பான், ஆனால் எழுந்துவிடுவான்.

வெளியே மழை. எங்கள் துறைமுக ஊரான கீலுங்கில் மழை பெய்கிறது என்று யாரும் யாரிடமும் சொல்வதில்லை.

---

பழைய கட்டடம், லிஃப்ட் கிடையாது. மூன்றாவது மாடியிலேயே ஆ-தூவுக்கு மூச்சு வாங்கியது.

"தப்பிச்சு ஓடுற திருடன் எல்லாம் லிஃப்ட் இல்லாத கட்டடமாப் பார்த்துத்தான் போவானா அக்கா?"

"நீ சோற்று உருண்டையைக் குறை."

ஐந்தாம் மாடியில் செங்ஹான் கதவைத் திறந்தான். இஸ்திரி போட்ட சட்டை, சிரித்த முகம். ஆளைப் பார்த்தால் நமக்கே ஒரு காப்பீடு எடுத்துக்கொள்ளலாம் போலிருக்கும். அதை விற்பதுதான் அவன் வேலையும்.

"அட, இவ்வளவு சீக்கிரமா வந்துட்டீங்களே! உள்ள வாங்க, வாங்க." என்னைப் பார்த்ததும் சிரிப்பு கொஞ்சம் நின்றது. "இவங்க?"

"சத்தத்தை அளக்குறவங்க" என்றான் ஆ-தூ, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். "ஆபீஸ்லேர்ந்து."

நான் முகத்தை அளக்கிறவள் போல வைத்துக்கொண்டேன்.

செங்ஹானின் அம்மா டீ கொண்டுவந்தாள். அக்கம்பக்கத்தில் எல்லோரும் அவளைக் கோ அம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். குள்ளமான, இறுக்கமான பெண்மணி; சாத்திய கதவு மாதிரி ஒரு முகம்.

"சத்தம் எந்த ரூம்ல அதிகம்?" என்று கேட்டேன். "படுக்கையறையா? அங்கேயும் ஒரு தடவை அளந்துடலாம்."

"அங்க போக முடியாது." பதில் சொன்னது கோ அம்மா. "மருமக மாசம் காக்குறா. வெளியாள் போனா காத்து உள்ள போயிடும்."

"வாசல்ல நின்னே பார்த்துட்டு வந்துடறேன் அத்தை."

"வாசல் வழியாத்தானே காத்து வரும்?"

செங்ஹான் கையை விரித்துச் சிரித்தான். "எங்கம்மாகிட்ட நானே ஜெயிச்சதில்ல மேடம்."

"குழந்தை சத்தத்தையே காணோமே?"

"தூங்குது."

"இந்தப் பாட்டுலயா?"

"பழகிருச்சு" என்றான் அவன். சொன்ன வாயை மூடுவதற்குள் கீழே பாட்டு ஆரம்பித்தது. தரை அதிர்ந்தது. காதல் தோல்விப் பாட்டு. தோற்றதற்கு நியாயம் இருந்தது, அந்தக் குரலைக் கேட்டு எவன் நிற்பான்? ஆ-தூ இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். செங்ஹானின் முகத்தில் இருந்த சிரிப்பு ஒரு நொடியில் கழன்று விழுந்தது. குதிகாலால் தரையை ஓங்கி ஓங்கி மிதித்தான்.

"கேக்குதா? கேக்குதா உங்களுக்கு? ஒரு மனுஷன் சொந்த வீட்டுல இருக்க முடியுதா?" கீழ்வீட்டைக் காட்டுவதற்காகக் கையை உயர்த்தினான். அவ்வளவுதான் செய்தான். கோ அம்மாவின் தோள்கள் காதுவரை போய்விட்டுத் திரும்பின.

அதை அவன் கவனிக்கவில்லை. கவனிக்க அவசியமில்லாத அளவுக்கு அவனுக்கு அது பழக்கம்.

நான் அறையைப் பார்த்தேன். மழை ஊரில் துணி வீட்டுக்குள்தான் காயும்; இங்கேயும் மூங்கில் கழியில் காய்ந்தது. ஆண் சட்டைகள், ஒரு கிழவியின் கால்சட்டை. கைக்குட்டை அளவில் ஒரு துணிகூட இல்லை. சாப்பாட்டு மேஜையில் வெட்டிய பேரிக்காய். சமையலறை துடைத்து வைத்தது போல இருந்தது. குளிர்ந்த எஃகின் வாசனையைத் தவிர அங்கே எதுவும் இல்லை.

பாட்டு தொடங்கிய அந்த நேரத்தில் கோ அம்மா ஒரு பெருமூச்சு விட்டாள். எரிச்சலில் வருகிற மூச்சு எனக்குத் தெரியும். இது அது அல்ல. அடுப்பில் பொங்க இருந்ததை யாரோ சரியான நேரத்தில் இறக்கிவிட்டார்கள் என்று தெரிந்ததும் வருமே, அது.

பாட்டு நின்றது. அவள் என் டம்ளரை நிரப்பக் குனிந்தாள். அவள் கை என் மூக்கருகே வந்தது.

நான் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தேன். "அளந்தாச்சு" என்றேன்.

---

படிக்கட்டில் ஆ-தூவின் கை இடுப்பிலிருந்த வயர்லெஸ்ஸைத் தொட்டது. முகத்தில் ஜோக் எதுவும் இல்லை.

"அக்கா, உள்ள பூட்டி வெச்சிருக்கான். இல்லன்னா அதைவிட மோசம். ஆளுங்களைக் கூப்பிட்டுக் கதவை உடைச்சிடலாம்."

"உடைச்சா காலி ரூமைத்தான் பார்ப்ப. அவ அங்க இல்ல."

"எப்படிச் சொல்றீங்க?"

"உன் பொண்டாட்டி மாசம் காத்தப்ப உன் வீடு எப்படி மணந்துச்சு?"

அவன் முகத்தைச் சுளித்தான். "ஐயோ, அதை ஏன் ஞாபகப்படுத்துறீங்க. இஞ்சி, நல்லெண்ணெய், அரிசிச் சாராயம். என் மாமியார் மூணு வேளையும் கோழியை அதுல போட்டுக் கொதிக்க வெச்சாங்க. என் யூனிஃபார்ம் எல்லாம் நாறி, ஸ்டேஷன்ல என்னைக் குடிச்சிட்டு வந்திருக்கேன்னு…" நிறுத்தினான். "மேல அந்த வாசனையே இல்ல."

"இல்ல. கோ அம்மா மாதிரி ஒரு மாமியார் இருக்குற வீட்டுல, மாசம் காக்குற மருமக இருந்தா, அடுப்பு அணையுமா? போதாததுக்கு மேஜையில பேரிக்காய். குளிர்ச்சின்னு அதை அந்த ரூம் பக்கமே கொண்டுபோக மாட்டாங்க."

"அப்போ ஓடிட்டா. நல்லதுதானே? இவன் வெட்கப்பட்டுக்கிட்டு மறைக்கிறான்."

"பொறு. வீட்டுல வாசனை இல்ல. ஆனா கோ அம்மா கையில இருக்கு. இஞ்சி நகத்துக்குள்ள ஏறியிருக்கு. நல்லெண்ணெய் மணிக்கட்டு வரைக்கும் மணக்குது. அவங்க எங்கேயோ சமைக்கிறாங்க. தினமும் சமைக்கிறாங்க."

பேசிக்கொண்டே நான்காம் மாடிக்கு வந்திருந்தோம். நான் நின்றேன். ஆ-தூ இன்னும் இரண்டு படி இறங்கிவிட்டு, மூக்கை உயர்த்தி, மெதுவாகத் திரும்பி ஏறினான்.

டாக்சிக்காரி ஃபாங்கின் கதவிடுக்கிலிருந்து அது வந்துகொண்டிருந்தது. முற்றிய இஞ்சி, கறுப்பு எள் நல்லெண்ணெய், கொதிக்கிற அரிசிச் சாராயம்.

"அக்கா" என்றான் கிசுகிசுப்பாக. "ஃபாங் அக்கா மூணு வேளையும் நம்ம ஸ்டேஷன் எதிர்ல நூடுல்ஸ்தான் சாப்பிடுவாங்க. முட்டையைக்கூட வேக வைக்கத் தெரியாதுன்னு பெருமையா வேற சொல்லுவாங்க."

"பாப்பா அழுற நேரத்துக்கெல்லாம் பாட்டு வருது. அழுகை நின்னா பாட்டும் நின்னுடுது."

"அப்போ அந்தப் பாவி…" அவன் மேலே கையைக் காட்டினான். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினான். "தன் குழந்தை மேலயே புகார் குடுத்துக்கிட்டு இருக்கான்!"

---

ஃபாங் கதவைத் திறந்தபோது கையில் மைக் இருந்தது. அகலமான பெண், ஆண்பிள்ளை வெட்டு முடி.

"இனிமே மெதுவாப் பாடுறேன் தம்பி, போயிட்டு வா."

"பாடுறதா? அதுக்குப் பேரு பாட்டா?" என்றான் ஆ-தூ. "அக்கா, உள்ள யாரு சமைக்கிறது?"

"நான்தான்."

"நீங்களா? தீயணைப்பு வண்டியைக் கூப்பிடட்டுமா?"

அவள் கதவைச் சாத்தப் பார்த்தாள். நான் முன்னால் வந்தேன். "பெய்யின்! நான் லான்" என்று தாழ்ந்த குரலில் உள்ளே பார்த்துச் சொன்னேன்.

உள்ளே ஒரு நாற்காலி நகர்ந்தது. காதுவரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பியும் இரண்டு ஸ்வெட்டருமாகப் பெய்யின் வந்து நின்றாள். தோளில் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தது. கன்னத்தில் மஞ்சளாகப் பழுத்து மறைந்துகொண்டிருக்கும் ஒரு பழைய அடி.

"உங்ககிட்டதான் வரக் கிளம்பினேன் அக்கா" என்றாள். "ஒரு மாடிதான் தாண்ட முடிஞ்சது."

போன வாரம் அவன் அவள் போனைச் சுவரில் அடித்து உடைத்தான். அடுத்தது தன் முறை என்று அவளுக்குத் தெரிந்தது. அவன் குளிக்கப் போன நேரம் பார்த்துப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறாள். வண்டி ஓட்டிவிட்டு ஏறி வந்த ஃபாங் எதிரே வந்தாள்.

"செருப்புகூட இல்ல" என்றாள் ஃபாங். "வெளிய கொட்டுற மழை. பச்சை உடம்போட எங்க போறே, செத்துப் போவேன்னு உள்ள இழுத்துட்டேன். மறுநாள் காலையில கதவைத் தட்டிக்கிட்டு நிக்கிறது யாரு? அந்தக் கிழவி! பாப்பா அழுதது படிக்கட்டுல அவங்க காதுல விழுந்திருக்கு. தீர்ந்தோம்னு நினைச்சேன். ஒரு வார்த்தை பேசல. நேரா அடுப்படிக்குப் போனாங்க. என் அடுப்பைப் பார்த்துட்டுத் திட்டினாங்க பாருங்க…"

மகனிடம் கோ அம்மா சொன்ன கதை வேறு. பெய்யின் ஹுவாலியெனில் இருக்கிற அண்ணன் வீட்டுக்குத்தான் போயிருப்பாள் என்று அவனை இரண்டு தடவை அங்கே அலைய விட்டிருக்கிறாள். மருமகள் திரும்பி வரக் கோயிலில் வேண்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுத் தினமும் ஒரு மாடி இறங்கி வந்து கோழி சமைத்திருக்கிறாள்.

"ஸ்டேஷனுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றான் ஆ-தூ.

ஃபாங் அவனுடைய யூனிஃபார்மை மேலும் கீழும் பார்த்தாள். "நான் சொல்றேன்னுதான் சொன்னேன். கிழவி என்னைச் சத்தியம் பண்ண வெச்சிட்டா. இதுக்கு முந்தி வேற ஊர்ல இருந்தப்ப இந்தப் பொண்ணு ஒரு தடவை ஓடினாளாம். ஒரு போலீஸ்காரரு கண்டுபிடிச்சு, புருஷன் பொண்டாட்டி பேசித் தீர்த்துக்குங்கன்னு அவனுக்கே போன் பண்ணி இடத்தைச் சொன்னாராம்."

ஆ-தூ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். செய்தது அவனில்லை. ஆனால் அந்த யூனிஃபார்ம் அவன் மேல் இருந்தது. அது அவனுக்கு உறைத்தது என்பதில் எனக்குச் சின்னத் திருப்தி வந்தது. அந்தத் திருப்தி எனக்கே பிடிக்கவில்லை.

அப்போது படிக்கட்டில் கனமான செருப்புச் சத்தம். கதவில் இடி.

"ஃபாங்! திற! போலீஸ் இருக்கும்போதே அந்த மெஷினை உடைக்கிறேன், பார்!"

பெய்யினுக்கு நின்ற இடத்திலேயே உடம்பு சுருங்கியது. பாப்பா முகத்தைச் சுளித்தது. வாய் திறக்கப் போகிறது. ஃபாங் மைக்கை உயர்த்தினாள். நான் தலையசைத்தேன்: வேண்டாம், இப்போது பாடினால் கதவே பெயர்ந்துவிடும்.

ஆ-தூ தொப்பியை மாட்டிக்கொண்டான். கதவை ஒரு ஆள் அளவு திறந்து, அந்த அளவு முழுவதையும் தன் உடம்பால் அடைத்தான்.

"சார், நல்ல வேளை நீங்களே வந்தீங்க. இந்தம்மாவை இன்னிக்கு விடப் போறதில்ல. ஆனா உங்க புகாரை நான் முழுசா எழுதணும். மேல போலாம் வாங்க."

"என்ன எழுதுறது? வந்து கேட்டீங்கல்ல?"

"கேட்டா போதுமா? நாளைக்கு இவங்க பாடவே இல்லன்னு சாதிச்சா? என்னிக்கு என்ன பாட்டு, எத்தனை தடவை, உங்களுக்குத் தலைவலி நெத்தியிலயா பிடரியிலயா, எல்லாம் வேணும். ஒரு பாட்டு விட்டுப் போனாலும் கேஸ் நிக்காது சார்."

தன் கஷ்டத்தை ஒருவன் இவ்வளவு மரியாதையாகக் கேட்கிறான் என்பதில் செங்ஹான் இளகிவிட்டான். அவனைப் போன்றவர்களிடம் நான் எப்போதும் பார்ப்பது இது: தாங்கள்தான் உலகத்தில் அதிகம் பொறுத்துக்கொண்டவர்கள் என்று உண்மையிலேயே நம்புகிறார்கள். இரண்டு ஜோடிச் செருப்புகள் மேலே ஏறின. ஐந்தாம் மாடிக் கதவு சாத்திக்கொண்டது.

"வண்டி எங்கே?" என்று ஃபாங்கிடம் கேட்டேன்.

"கீழ வாசல்லயே."

"எடுங்க."

---

பெய்யின் அசையவில்லை.

"தலையில காத்துப் பட்டுடும் அக்கா. இன்னும் மாசம் முடியல. இப்பப் பட்டா வாழ்நாள் பூரா தலைவலி நிக்காது."

நான் சிரிக்கவில்லை. அதை அவள் எவ்வளவு நம்பினாள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதை நம்பாவிட்டால், அடிக்கிறவனுடைய காலடிக்கு நேர் கீழே ஒரு வாரமாக ஏன் உட்கார்ந்திருக்கிறோம் என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். காற்றுக்குப் பயப்படுவது அதைவிட எளிது. என் சால்வையைத் தொப்பிமேல் சுற்றினேன், அதன்மேல் ஃபாங்கின் மழைக்கோட்டுத் தலையை இழுத்துவிட்டேன்.

"கண்ணு மட்டும்தான் வெளிய தெரியுது. கண்ணு வழியாக் காத்து போகாதுல்ல?"

முதல் தடவையாக அவள் உதடு கொஞ்சம் வளைந்தது.

கதவைத் திறந்தேன். எதிரே கோ அம்மா நின்றுகொண்டிருந்தாள், கையில் காலி சோயா சாஸ் பாட்டிலோடு. வாங்கிவரப் போவதாக மகனிடம் சொல்லிவிட்டு இறங்கியிருக்கிறாள். மருமகளின் மழைக்கோட்டையும் என்னையும் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது.

"நீ சத்தம் அளக்குறவ இல்ல" என்றாள் என்னிடம்.

"இல்ல அத்தை."

"எடத்தை அவன்கிட்ட சொல்லுவீங்களா?"

"மேல இருக்குறானே அந்தப் போலீஸ்காரன், அவனுக்கே தெரியாது. அவன் கேக்கவும் மாட்டான். சாயங்காலத்துக்குள்ள அவன் கோர்ட்டுல மனு போடுவான். உங்க மகன் இவங்க பக்கம் வரக் கூடாதுன்னு ஜட்ஜ் உத்தரவு குடுப்பாரு."

அவள் பாப்பாவின் போர்வையை ஒரு விரலால் இழுத்துக் கழுத்தை மூடினாள். "போங்க" என்றாள்.

பெய்யின் போகவில்லை. "நீங்களும் வாங்கம்மா."

"நானா? நான் எதுக்கு? அவன் என் புள்ள."

"உங்களையும்தானே…"

"பொருளைத்தான் உடைப்பான். எப்பவாவது தள்ளி விடுவான். தள்ளுறது ஒரு அடியா?"

மேலே ஆ-தூவின் குரல் கேட்டது: "மூணாவது பாட்டு சோகமா, சந்தோஷமா சார்?" இன்னும் எவ்வளவு நேரம் அவனால் இழுக்க முடியும்? சீக்கிரமே செங்ஹான் சலித்துப்போவான். கீழே இறங்குவான். ஃபாங்கின் அடுப்பில் கோழி கொதிப்பதைப் பார்ப்பான், யார் கைப்பக்குவம் என்று அவனுக்குத் தெரியாதா என்ன? இத்தனை நாளும் நான் பெய்யினைத் தேடினேன். இந்தக் கட்டடத்தில் இன்று சாயங்காலம் அதிக ஆபத்தில் இருக்கப் போகிறவள் இந்தக் காலி பாட்டில்காரிதான் என்று அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. அவளை நான் ஒரு துப்பாக மட்டுமே பார்த்திருந்தேன்.

மகனை விட்டுவிட்டு வா என்று ஒரு தாயிடம் சொன்னால் வர மாட்டாள். எத்தனையோ தாய்மார்களிடம் சொல்லிப் பார்த்தவள் நான். வேறு ஏதாவது வேண்டும். மகனைப் பற்றியே பேசாத ஏதாவது.

"சரி அத்தை" என்றேன். "நீங்க இருங்க. ஒண்ணுதான் கஷ்டம். நாங்க கூட்டிப் போற எடத்துல சமையல்கார அம்மாவுக்கு மாசச் சாப்பாடு பழக்கமில்ல. போன தடவை ஒரு பச்சை உடம்புக்காரிக்கு முள்ளங்கி சூப் வெச்சிட்டாங்க."

கோ அம்மா என்னைப் பார்த்தாள்.

"முள்ளங்கியா?"

"வெள்ளை முள்ளங்கி."

"பாலு குடுக்குற உடம்புக்கு? அவ்வளவு குளிர்ச்சியா?" அவள் குரல் படிக்கட்டில் எதிரொலித்தது, தானே வாயைப் பொத்திக்கொண்டாள். "அந்தப் பொம்பளை மனுஷியா?"

"பச்சைத் தண்ணிகூடக் குடுக்கிறாங்கன்னு கேள்வி."

கோ அம்மா மேலே பார்த்தாள். ஐந்தாம் மாடிக் கதவை, அதன் பின்னால் இருக்கிற மூங்கில் கழியை, தான் துவைத்துப் போட்ட சட்டைகளை. என்ன நினைத்தாள் என்று நான் யூகிக்கப் போவதில்லை. பிறகு பாட்டிலைப் படியில் வைத்தாள். ஃபாங்கின் வீட்டுக்குள் நுழைந்தாள். அடுப்பு அணைகிற சத்தம். இரண்டு துணியால் பிடித்த பெரிய பானையோடு வெளியே வந்தாள்.

"இன்னும் ஒரு வாரம் பாக்கி இருக்கு" என்றாள், எங்கள் யாரையும் பார்க்காமல். "பாதியில விட்டா இவ்வளவு நாள் காத்தது வீணாப் போயிடும்."

---

டாக்சியின் பின் இருக்கையில் பெய்யின், பாப்பா, கோ அம்மா, அவள் மடியில் பானை. கண்ணாடியெல்லாம் ஆவி படிந்துவிட்டது. துறைமுகத்தைத் தாண்டியதும் ஃபாங் பழக்கத்தில் பாட ஆரம்பித்தாள்.

"இப்பவாவது நிறுத்து" என்றாள் கோ அம்மா. "இனிமே பாப்பா அழட்டும்."

நான் முன் இருக்கையில் குனிந்துகொண்டு எங்கள் காப்பகத்துச் சமையல்காரம்மாவுக்குப் போன் பண்ணினேன். மாசச் சாப்பாட்டில் அந்தம்மாவை அடித்துக்கொள்ள இந்த ஊரில் ஆள் இல்லை.

"அக்கா, ஒரு உதவி. இன்னும் ஒரு வாரத்துக்கு உங்களுக்குச் சமைக்கத் தெரியாது."

"என்னது?"

"ரொம்ப மோசமாச் சமைப்பீங்க. ஒருத்தங்க வந்து உங்களைத் திட்டுவாங்க. கேட்டுக்குங்க, ப்ளீஸ்."

அந்தப் பக்கம் கரண்டியைக் கீழே வைக்கிற சத்தம். "நல்லாத் திட்டுவாங்களா?"

"ரொம்ப நல்லா."

"சரி, வரச் சொல்லு."

அந்தம்மா போனை வைத்ததும் ஆ-தூவின் அழைப்பு வந்தது. படியிறங்கும் மூச்சிரைப்பு. "கையெழுத்துப் போட்டுட்டான் அக்கா. அவன் தலைவலியோட வரலாறே எழுதியிருக்கேன். மனு போட நேரா ஸ்டேஷனுக்குப் போறேன், பேருங்களைச் சொல்லுங்க. பெய்யின், பாப்பா. அவ்வளவுதானா?"

அவன் குரல் வண்டிக்குள் எல்லோருக்கும் கேட்டது. நான் பதில் சொல்லவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. இந்தக் கேள்விக்கு நான் வாய் திறந்தால், அது என்னுடைய முடிவாகிவிடும்.

மழையைத் துடைக்கிற தகடு போய் வந்தது, போய் வந்தது.

"ஏம்மா" என்றாள் கோ அம்மா பின்னாலிருந்து. "அந்தக் கோர்ட்டு உத்தரவுல அம்மாவும் உண்டா?"

"உண்டு அத்தை. வீட்டுல யாரு அடிபட்டாலும் உண்டு."

"அப்போ என் பேரையும் சேர்த்துக்கச் சொல்லு. ஒரு வாரத்துக்கு மட்டும்."

"ஒரு வாரத்துக்குன்னு உத்தரவு கிடையாதுங்களே" என்றான் போனில் ஆ-தூ, அவனுக்கு இயல்பே இல்லாத பணிவோடு. "அது அதைவிட நிறைய நாளுக்கு வரும்மா."

அவள் பானையின் மூடியைச் சரிசெய்தாள். சரியாகத்தான் இருந்தது, மறுபடியும் சரிசெய்தாள்.

"சரி, எத்தனை நாளுக்கு இருக்கோ," என்றாள், "அத்தனை நாளுக்கும் போடு."